ஹிக்கரி என்ற ஒரு சொல்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது சுவிஸில், பேர்ண் நகர பஸ்ஸில், வேலைக்குப் போகும் வழியில். வலது கால் கொஞ்சம் தேறியது. பேச்சு திரும்பவில்லை. ரேஹா என்று இங்கே சொல்லும் மறுவாழ்வு மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். சமையலறை வேலை முடிந்ததும் நான் பின்னேரம் போய், அவரைச் சக்கர நாற்காலியில் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போவேன்.

அங்கே ஒரு பெரிய மரம். பட்டை நீள நீளமாகக் கழன்று, பாதி ஒட்டியும் பாதி தொங்கியும் இருந்தது. ஏதோ நோய் என்று நினைத்தேன். தோட்டக்காரர் சிரித்தார். நல்ல சுகமான மரம்தான், வயது போகப் போக இப்படித்தான் உரியும் என்றார். வால்நட் குடும்பமாம், வட அமெரிக்காக் காடுகளில் தானாக வளர்வதாம்.

பிறகு தினமும் அதன் கீழேயே இருந்தோம். ஒரு காம்புக்கு ஐந்து இலை. நுனியில் இருப்பது பெரியது. அவர் இடது கையால் தொங்கும் பட்டையைத் தடவிக்கொண்டிருப்பார். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், கண்ணில் படுவதையெல்லாம் பெயர் சொல்லிக் காட்டச் சொல்லியிருந்தார்.

"இது கல்லு. இது இலை. நான் ஆர், சொல்லுங்கோ பாப்பம்."

வாய் அசையும். சத்தம் வராது. கண் நிறைந்துவிடும்.

இலைகள் மஞ்சளாகத் தொடங்கிய ஒரு நாள், மரத்தின் பெயர் எழுதி அதில் அடித்திருந்த தகட்டைப் பார்த்து, "ஹிக்கரி" என்றார். அவ்வளவு தெளிவாக.

உடனே மகளுக்கு ஃபோன் எடுத்துக் கேட்க வைத்தேன்.

"அப்பாவோ கதைக்கிறார்?"

"ஓம் பிள்ளை, அப்பாதான்!"

அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஹிக்கரி, நோகுது என்றாலும் ஹிக்கரி. என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார். சிலருக்கு ஒரே சொல் சிக்கிக்கொள்ளும் என்றார் பேச்சுப் பயிற்சிப் பெண். குரலை வைத்தே நான் பிரித்தறியப் பழகினேன். என்னைக் கூப்பிடும்போது கடைசி எழுத்து சற்று நீளும்.

காய்கள் விழுந்தன. ஒன்றைக் கல்லால் உடைத்தேன். இனிப்பான பருப்பு. அவருக்கு விழுங்கக் கஷ்டம் என்பதால் நான் மட்டும், அவர் பார்த்திருக்க, தின்றேன். அது இன்னும் மனதை அறுக்கிறது.

பனி விழ முன்னர் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய அக்கா அழுதுகொண்டு கேட்டார்.

"கடைசியா என்ன சொன்னவன்?"

எப்படி விளங்கப்படுத்துவது?

"உங்களைத்தான் கேட்டவர், மச்சாள்" என்றேன்.

மறுமுனையில் அழுகை மெல்ல அடங்கியது. அந்தப் பொய்யை நான் இதுவரை திருத்தவில்லை.