பூப்போட்ட பைக்கற்றில் எழுதாதது

உதயகுமாரி எதையும் வாசிக்காமல் வாங்குகிறவள் அல்ல. மகள் யாழ் சின்ன வயதில் ஒரு பிஸ்கற்றைக் கடித்துவிட்டு, உதடு வீங்கி மூச்சுக்குத் தவித்த நாளிலிருந்து வந்த பழக்கம் அது. அதற்குள் இருந்த கஜுப் பருப்புத்தான் காரணம் என்று பிறகுதான் தெரிந்தது. அவர்கள் குடியேறிய ஐரோப்பிய ஊரான லோறென்ஸ்கூக்கில் கடைக்குப் போனால் பாண், பிஸ்கற் என்று ஒவ்வொரு பைக்கற்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவள் முடிக்கும்வரைக்கும் கணவர் சோதிலிங்கம் தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டு நிற்பார்.

"பாணுக்குக் கலியாணம் பேசப்போறீரோ, இவ்வளவு விசாரணை?" என்று கேட்பார். பஸ் ஓட்டுகிற மனுசன், காத்துக்கொண்டு நிற்பது அவருக்குப் புதிதல்ல.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு மாதவிலக்குப் பாட் என்று வந்தால் மட்டும் கண் அவிந்துவிடும். நகரத்துக்குள், குறொன்லாண்டில் இருக்கும் அருட்செல்வத்தின் தமிழ்க் கடையில் வாங்குவாள். அவரும் முகத்தைப் பாராமல் கறுப்புப் பையில் போட்டுக் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் உறையைக் கிழித்து, பாட்களை ஒரு பழைய தகரப் பெட்டிக்குள் அடுக்கி, உறையைக் கடதாசியில் சுற்றிக் குப்பைக்கு அடியில் தள்ளிவிடுவாள். ஆம்பிளையின் கண்ணில் படக்கூடாதாம். ஊரில், பருத்தித்துறையில் தன் தாய் செய்ததை இங்கேயும் கை தானாகச் செய்தது. மகளுக்கும் அதையே பழக்கிவைத்தாள்.

ஒருநாள் காலை யாழ் குளியலறையிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். தொடையெல்லாம் சிவந்து தடித்து, தோல் கொப்பளித்துக் கிடந்தது. இருக்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. உதயகுமாரி ஓடிவந்தாள். முதலில் பிள்ளையின் உதட்டைத்தான் பார்த்தாள். வீக்கம் இல்லை. ஆனாலும் டொக்டரிடம் போகிற வழியெல்லாம் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"பாட்களில் இருக்கிற ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. வாசனையாக இருக்கலாம், பசையாக இருக்கலாம்" என்றார் டொக்டர். "எது என்று தெரிந்தால்தான் எதைத் தவிர்ப்பது என்று சொல்ல முடியும். அடுத்த முறை இதைவிட மோசமாகலாம். எந்தப் பைக்கற்?"

யாழ் தாயைப் பார்த்தாள். "உறையைக் குப்பையில் போட்டுவிட்டேன்" என்றாள் தாய், நிலத்தைப் பார்த்தபடி. உறையைத் தேடி எடுக்கும்படியும், பின்னேரம் தான் அழைப்பதாகவும் சொல்லி டொக்டர் அனுப்பிவைத்தார்.

"அம்மா, பிஸ்கற்றை அவ்வளவு வாசிக்கிறீங்கள். இதை மட்டும் ஏன் கிழிச்சு எறிஞ்சனீங்கள்?" காரில் யாழ் கேட்டாள்.

உதயகுமாரி வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாள். தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டில் குப்பைப் பை இல்லை. சோதிலிங்கம் காலையிலேயே கொண்டுபோய் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் பொதுத் தொட்டியில் போட்டிருந்தார். வேலை முடிந்து அவர் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே அவள் முன்னால் போய் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லையாம். குப்பைக்குள்ளை ஒரு சாமான்..."

"அந்த ஊதாப்பூப் போட்ட பைக்கற்றோ?"

அவள் திகைத்துப்போனாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பிளாஸ்ரிக்கை வேறை, கடதாசியை வேறையாப் பிரிச்சுப் போடுறது ஆர்? நீர் சுத்திச் சுத்தி வைப்பீர், நான் அவிட்டு அவிட்டுப் போடுறனான். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இதுதானே நடக்குது."

ஒளித்ததெல்லாம் வீண். வெட்கப்படக்கூட அவளுக்கு அப்போது நேரமில்லை. அவர் கீழே போய்ப் பெரிய தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டுக் கிளறி, உறையைக் கொண்டுவந்து துடைத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

மூன்று தலைகள் அதன்மேல் குனிந்தன. மென்மை என்று எழுதியிருந்தது. புத்துணர்ச்சி என்று எழுதியிருந்தது. கழிப்பறைக்குள் போட வேண்டாம் என்ற புத்திமதியும் இருந்தது. பாட் எதனால் செய்யப்பட்டது என்று மட்டும் ஒரு எழுத்தும் இல்லை. உதயகுமாரி மடிப்பை விரித்துப் பார்த்தாள், ஒட்டியிருந்த விளிம்பை நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். யாழ் கம்பனியின் இணையப்பக்கத்தில் தேடினாள். அங்கேயும் பூதான்.

டொக்டர் அழைத்தார். உதயகுமாரி தொலைபேசியை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்க விட்டாள்.

"என்ன எழுதியிருக்கிறது?"

"ஒன்றுமே எழுதவில்லை."

"உள்ளே இருப்பதை எழுதத்தான் வேண்டும் என்று இன்னும் சட்டமில்லை" என்றார் டொக்டர். "கொண்டுவர வேண்டும் என்று கதைக்கிறார்கள். சட்டம் என்றால் நாள் எடுக்கும்."

"எவ்வளவு நாள்?"

"அது எனக்குத் தெரியாது."

சோதிலிங்கம் பக்கத்திலேயே இருந்தார். அவருக்கு முன்னால் அந்தப் பேச்சையே எடுத்திராத உதயகுமாரி அவர் முகத்தை ஒருமுறை பார்த்தாள். ஆனாலும் நிறுத்தவில்லை.

"சட்டத்துக்கு நாள் எடுக்கலாம், டொக்டர். என் மகளுக்கு அடுத்த மாதமும் இரத்தம் வரும்."