மாமன் ஊற்றிய டம்ளர்

திருச்சுழிப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் கிடா வெட்டு. என் மகன் அப்போது பத்தாம் வகுப்பு. கறி வேகும் நேரத்தில் என் தம்பி அவனைக் கூப்பிட்டு, டம்ளரில் பிராந்தி ஊற்றி நீட்டினான். நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

"அக்கா, மருமகனுக்கு மீசை மொளச்சிருச்சு. தாய்மாமன் நான் ஊத்தாம வேற யாரு ஊத்துவா?" என்றான். சுற்றியிருந்த ஆண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் உசுப்பேறி, என் மகன் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் போய்க் குதித்தான். மழைக்காலத்தில் எல்லாரும் குதிக்கும் கிணறுதான். ஆனால் அது சித்திரை மாதம். உள்ளே முழங்கால் தண்ணீர்கூட இல்லை. கால் எலும்பு முறிந்தது. டிராக்டரில் போட்டு அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். "தலைகீழாப் பாஞ்சிருந்தா பொணத்தத்தான் தூக்கியிருப்பீங்க" என்றார் டாக்டர்.

"சாமி காப்பாத்திருச்சுக்கா" என்றான் தம்பி.

"சாமி காப்பாத்தும்னு நம்பித்தான் ஊத்துனியாலே?" என்று ஆஸ்பத்திரி அதிரக் கத்தினேன்.

இந்த ஆண்களிடம் பேசிப் பயனில்லை. இப்போதெல்லாம் கிடா வெட்டுக்குப் போனால், அடுப்புப் பற்றவைக்கும் முன்பே விடலைப் பையன்களைக் கூட்டிவைத்துப் பேசுகிறேன். "எந்த மாமன் ஊத்துனாலும் டம்ளரக் கவுத்துருங்க. குடிச்சவன் கிணத்துப் பக்கமே போகக்கூடாது. குடிக்காதவனும் தண்ணி எவ்வளவு கெடக்குன்னு பாக்காம குதிக்கக்கூடாது" என்பேன். என் மகன் விந்திக்கொண்டே போய்க் கிணற்றைக் காட்டுவான்.

தன் மகனைக் கொண்டுவந்து முன்னால் உட்கார வைப்பது யார் தெரியுமா? என் தம்பி. அவன் மகனுக்கும் மீசை முளைத்துவிட்டது. அந்தப் பிள்ளையின் டம்ளரில் மட்டும் அவன் மோர்தான் ஊற்றுகிறான்.