பியானோமேல் வைத்த கை

செலினா ஹின்ச்லிஃப் பேசினால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். பாடினால் தெருவே கதவைத் திறந்துவைக்கும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், நெசவாலைகளால் பிழைக்கும் எங்கள் ஊரில் பாடாத வீடு கிடையாது. மாவு பிசையும்போது பாட்டு, ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் பாட்டு, கிறிஸ்துமஸுக்கு டவுன்ஹாலில் ஊரே கூடிநின்று பாட்டு. அந்தப் பாடகர் குழுவில் தாழ்குரல் பெண்களின் வரிசையில் நின்றவள் செலினா. கணவனைப் புதைத்த வாரத்திலும் ஒத்திகைக்குப் போனாள். அழுவதற்கு அவளுக்கு வேறு இடம் தெரியாது.

தறிச் சத்தம் அவள் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஆலைக்குள் உதட்டசைவிலேயே வம்பளக்கிற நெசவுக்காரிக்கு அது ஒரு குறையா? குழுவிலும் பக்கத்தில் நிற்கும் தோழி எல்லனின் வாயைப் பார்த்தே சமாளித்துவந்தாள். புதிதாக வந்த குழுத்தலைவர் பிராட்பென்ட்தான் வினையாக வாய்த்தார். ஒவ்வொருவரும் தனியாகப் பாடிக்காட்ட வேண்டுமாம். முகம் பார்த்தால் தாட்சண்யம் வந்துவிடும் என்று முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்பாராம்.

“போகாதடி. தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிடு,” என்றாள் எல்லன்.

“போகலேன்னா இடம் போயிடும். அதுவும் போனா எனக்குன்னு என்னடி இருக்கு?”

செலினாவின் முறை வந்தபோது பியானோக்காரப் பெண் தொடக்கச் சுரத்தை மட்டும் அழுத்திக் காட்டிவிட்டுக் கையை எடுத்தாள். தறி ஒழுங்காக ஓடுகிறதா என்று சட்டத்தைத் தொட்டே சொல்லும் அவள் கை, பியானோவின் பக்கப் பலகையில் பதிந்திருந்தது. அதிர்வு ஏறியதுமே சுரம் தொண்டையில் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

“போதும்மா, ரொம்ப சரி,” என்றார் பிராட்பென்ட். பாட்டு நிற்கவில்லை. சத்தமாகச் சொன்னார். அப்போதும் நிற்கவில்லை. எரிச்சலோடு திரும்பியவர் மூடிய கண்களையும் பலகைமேல் இருந்த கையையும் பார்த்தார். அவளுக்குக் காது கேட்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. எழுந்து, ஜெபத்துக்கு நிற்பதுபோல் நின்று கடைசிவரை கேட்டார்.

கண்ணைத் திறந்த செலினா அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள். பிராட்பென்ட் குரலே எழுப்பாமல், ஆலைப் பெண்களைப் போல உதட்டை அகல அகல அசைத்தார்.

“எங்கம்மாவும் தறிக்காரிதான். என் வாய் தெரியுற இடமாப் பார்த்து நில்லு.”

அந்தக் கிறிஸ்துமஸுக்கு டவுன்ஹாலின் தரைப் பலகை வழியே ஊரின் குரல் முழுவதும் அவள் பாதத்தில் ஏறி நெஞ்சை நிறைத்தது. இவ்வளவு பெரியதா இது என்று மலைத்தாள். தாழ்குரல் வரிசை சேர வேண்டிய இடம் வந்ததும் பிராட்பென்ட் அவள் பக்கம் திரும்பினார்.

“இப்போ,” என்றது உதடு.