சுத்தம் செய்ய வந்த துப்பாக்கிகள்

டன்மோரில் துப்பாக்கி இல்லாத வீடு என்று ஒன்று இருந்தால், அது இன்னும் கட்டி முடிக்காத வீடாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் மான்டானா மாநிலத்தின் கிழக்கே, மாடுகளும் காற்றும் மட்டும் தாராளமாகக் கிடைக்கும் அந்த ஊருக்கு ஒரே ஒரு துப்பாக்கிக் கடை. அது நோரீன் ஹௌகனுடையது. அப்பா நடத்திய கடை. அவர் மூட்டுவலியால் உட்கார்ந்துவிட்ட பிறகு அவள் கைக்கு வந்தது. இப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவன் டெல் வைக்கோல் லாரி ஓட்டுகிறான். பிள்ளைகள் இல்லை.

தொலைக்காட்சியில் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சுடப்பட்ட செய்தி வந்தால், மறுநாள் காலை அவள் கடை வாசலில் வண்டிகள் நிற்கும். பாதிப் பேர் சுடுகிறவனுக்குப் பயந்து வாங்க வந்தவர்கள். மீதிப் பேர், அரசாங்கம் இதைச் சாக்காக வைத்துத் தடை போட்டுவிடும் என்று பயந்து வந்தவர்கள். நோரீன் இரண்டு கூட்டத்துக்கும் விற்பாள். மாலையில் வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்து அழுவாள். இதில் ஏதும் இடிப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை. துப்பாக்கி கெட்டவன் கைக்குப் போகக்கூடாது, அதைப் பார்த்துக்கொள்ளத்தான் தன்னைப் போல ஒருத்தி கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறாள் என்பது அவள் கணக்கு. குடித்த வாடையோடு வந்தவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். முன்னாள் மனைவியின் புது வீட்டு விலாசத்தைப் பேச்சுவாக்கில் விசாரித்தவனையும்.

சியாட்டிலில் இருக்கும் அக்கா மகன் ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கடைக்குள் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டான். நோரீன் கோபப்படவில்லை. இந்த ஊரில் கடைசியாக யார் யாரைச் சுட்டார்கள் என்று சொல், அப்புறம் பேசலாம் என்றாள். அவனால் சொல்ல முடியவில்லை. யாராலும் முடியாது. டன்மோரில் துப்பாக்கியால் செத்தவர்கள் உண்டு; அவர்களை வேறு யாரும் சுட்டதில்லை. பத்திரிகையில் 'விபத்து' என்று போடுவார்கள். 'சுத்தம் செய்யும்போது' என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். அடக்கம் முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காபியும் கொடுப்பார்கள். அந்தச் சாவுகளைத் துப்பாக்கிக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் அங்கே இல்லை.

நோரீன் மட்டும் சேர்த்தாள், மனதுக்குள். அதனால்தான் ஒரு வேலையை யாருக்கும் சொல்லாமல் செய்து வந்தாள். ஒருமுறை பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் மனைவி வந்து, கணவனின் துப்பாக்கிகளைக் கொஞ்ச நாள் சுத்தம் செய்துகொண்டே இருக்க முடியுமா என்று கேட்டாள். செய்துகொண்டே இருப்பது என்றால் என்ன என்று நோரீன் கேட்கவில்லை. வாங்கிப் பின்னறையில் வைத்துப் பூட்டினாள். கோடை முடிந்ததும் அந்த ஓட்டுநரே வந்து, நல்லா சுத்தம் பண்ணியிருக்கீங்க என்று சொல்லி எடுத்துப் போனான். இன்றும் பேருந்து ஓட்டுகிறான். அதன் பிறகு வேறு சிலர் வந்தார்கள். வந்த எல்லோரும் திரும்பி வந்து எடுத்துப் போனார்கள். அந்த நம்பிக்கையில்தான் அவள் இருந்தாள்.

ஓரின் லிண்ட்விக் ஏப்ரலில் வந்தான். பள்ளியில் அவளுக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன். மூன்று தலைமுறை மாட்டுப் பண்ணை. குளிர்காலத்தில் மனைவி ஜீனி புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். வசந்தம் வருவதற்குள் மாடுகளை விற்றுவிட்டான். மிச்சம் இருந்தவை இரண்டு குதிரைகளும் ஜீனி வளர்த்த கோழிகளும். தன்னிடமிருந்த ரைஃபிள்கள் அனைத்தையும் குதிரைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்து கவுன்ட்டர் மேல் வைத்தான்.

"சுத்தம் பண்ணணும்."

நோரீன் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

"எப்ப வேணும்?"

"அவசரமில்ல. நானே வந்து கேட்டா, நாளைக்கு வான்னு சொல்லு." கதவு வரை போனவன் திரும்பினான். "டெல்லுக்குத் தெரிய வேண்டாம். அவனுக்குத் தெரிஞ்சா கோதுமைக் கிடங்குல காபி ஆறுறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும்."

அது உண்மைதான். டெல் நல்லவன்; வாய் மட்டும் நிற்காது. நோரீன் சரி என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

கோடையில் ஓரின் எப்போதாவது கடைக்கு வருவான். மீன் பிடிக்கிற நூல் வாங்குவான், மழை வராததைப் பேசுவான். சட்டை அவன் தோளில் தொங்குவதை அவள் பார்த்தாள். துப்பாக்கி பற்றி இருவரும் பேசவில்லை. அக்டோபரில், மான் வேட்டைக்கு ஊரே கிளம்பும் வாரம், அவன் கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றி நின்றான்.

"பெரிய ரைஃபிளை மட்டும் கொடேன். சீசன் ஆரம்பிக்குது."

நோரீன் கோடை முழுவதும் இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். சட்டப்படி அது அவன் பொருள். கடையில் விட்டதைத் திரும்பக் கொடுக்கும்போது அரசாங்க அலுவலகத்துக்குப் போன் போட்டு விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். அடிதடி உண்டா, சிறைக்குப் போனவனா என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். மனைவி போன வீட்டில் ஒருவன் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா என்பது அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருக்காது. ஓரினுக்கு ஒரு நிமிடத்தில் சரி என்று வந்துவிடும்.

"ஒரு பார்ட் வரணும்" என்றாள்.

"என்ன பார்ட்?"

"வர வேண்டிய பார்ட்."

ஓரின் சிரித்தான். "ஸ்கூல்லயே உனக்குப் பொய் வராது. ஹோம்வொர்க்கை நாய் தின்னுச்சுன்னு சொன்னியே, உங்க வீட்ல நாயே கிடையாது."

"நாளைக்கு வா, ஓரின்."

"சரி. நாளைக்கு." தொப்பியைப் போட்டுக்கொண்டான். அவன் மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நோரீன் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள். கேட்டதும் கொடுக்காதே என்றவன், கேட்டுப் பார்த்து, கிடைக்காததும் நிம்மதியாகப் போனதாக நினைத்தாள்.

சீசனின் முதல் சனிக்கிழமை கழிந்த செவ்வாய்க்கிழமை. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே சாப்பிட உட்கார்ந்தார்கள். டெல் உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டே அன்றைய ஊர்ச் செய்திகளை ஒப்பித்துக்கொண்டிருந்தான். யார் வண்டி பள்ளத்தில் இறங்கியது, யார் மருமகள் பேசாமல் இருக்கிறாள். நோரீன் பாதிதான் கேட்டாள்.

"ஓரின் வீட்டுக்குக் குதிரை வைக்கோல் இறக்கினேன். ஜீனியோட கோழிக் கூண்டுப் பக்கம் நரி வருதாம். அவன் துப்பாக்கியெல்லாம் உன்கிட்டக் கிடக்காமே? ஏப்ரல்லேர்ந்தா சுத்தம் பண்ற? அதுக்குள்ள நோரீன் புதுசாவே ஒண்ணு செஞ்சிருப்பாளேன்னு அவன்கிட்ட சொன்னேன். ரொம்ப சிரிச்சான். அவன் சிரிச்சுப் பார்த்து எத்தனை நாளாச்சு."

நோரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன. நம்ம வண்டில சீட்டுக்குப் பின்னாடி இருக்குமே, சின்ன ரைஃபிள், அதைக் கொடுத்துட்டு வந்தேன். நரிக்கு அது போதும்."

அவள் போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மறுபடியும் போட்டாள். பிறகு கோட்டைக்கூட எடுக்காமல் வண்டிச் சாவியை எடுத்தாள். டெல் ஒன்றும் புரியாமல் வாயில் உணவோடு பின்னால் வந்து ஏறினான். தார் சாலை முடிந்து சரளைக்கல் சாலை தொடங்கும் இடத்தில்தான் அவளுக்குச் சொல்ல வாய் வந்தது. போர்வை, ஏப்ரல், வராத பார்ட், எல்லாவற்றையும் சொன்னாள். வேகமா போ என்று மட்டும் சொன்னான் டெல்.

ஓரின் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டது கோழிக் கூண்டுதான். கதவு தாழிட்டு, கம்பி சுற்றி இறுக்கியிருந்தது. உள்ளே தீவனத் தொட்டிகள் விளிம்பு வரை நிறைந்திருந்தன. தண்ணீருக்கு ஒரு பாத்திரம் போதாதென்று வீட்டுச் சமையலறைப் பாத்திரங்களையும் கொண்டுவந்து நிரப்பி வரிசையாக வைத்திருந்தான். யாராவது வந்து பார்க்கும் வரை தாங்கும் அளவுக்கு. குதிரைகளுக்கும் அப்படியே. நோரீன் அங்கேயே நின்றுவிட்டாள். டெல்தான் தொழுவத்துக்குப் போனான். திரும்பி வந்து அவள் முன்னால் நின்றான்; அவளை அந்தப் பக்கம் போக விடவில்லை.

இறுதிச் சடங்கில் போதகர் 'இந்த விபத்து' என்றார். ஓரினின் மகள் டெஸ் பில்லிங்ஸிலிருந்து வந்திருந்தாள். நரியைத் துரத்தப் போன அப்பா தடுக்கி விழுந்ததில் துப்பாக்கி வெடித்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். கைகழுவும் இடத்தில் இரண்டு பெண்கள் நரித் தொல்லை இந்த வருடம் அதிகம் என்று பேசிக்கொண்டார்கள்.

சில நாள் கழித்து ஷெரிஃப் அலுவலகத்து ஆள் அந்தச் சின்ன ரைஃபிளைக் கொண்டுவந்து, இது உங்கள் பொருள் என்று கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். டெல் அதை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போய் ஆற்றில் எறிந்துவிட்டு வந்தான். இரண்டு வாரம் சீட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் ஓட்டிப் பார்த்தான். அடிபட்டுச் சாகாமல் கிடக்கும் மானை வழியில் பார்த்தால் என்ன செய்வது என்றான். நோரீன் கடையிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம்தான் அவன் கேட்டான். அதுவரை கேட்காமல் இருந்ததே அவளுக்கு ஆச்சரியம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"நான் கொடுத்திருக்க மாட்டேன்."

"நீ கொடுத்திருக்க மாட்ட. பக்கத்துப் பண்ணை ஹன்சனைக் கேட்டிருப்பான். நரின்னா ஹன்சன் ரெண்டாக் கொடுப்பான்."

"ஹன்சன்கிட்டயும் சொல்லியிருக்கலாம்."

"அப்புறம்?"

டெல் யோசித்தான். ஹன்சனுக்கு அடுத்து மெக்கார்ட்டிகள், அவர்களுக்கு அடுத்து தபால்காரர், கால்நடை மருத்துவர், போதகர். போதகரின் வண்டியிலும் ஒன்று உண்டு. அந்த மாவட்டத்தில் யாரிடம் சொல்லாமல் விடலாம் என்று இருவருக்கும் ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. அத்தனை பேரிடமும் சொன்னால் ஓரின் ஒரு நாள்கூட அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடந்திருக்க மாட்டான். சொல்லாததால் இப்போது நடப்பதற்கு அவனே இல்லை. டெல் எழுந்து போய்ப் படுத்தான்.

நவம்பர் கடைசியில் டெஸ் கடைக்கு வந்தாள். வீட்டை விற்பதற்கு முன் அப்பாவின் ரைஃபிள்களை எடுத்துப் போக வேண்டும். கடையில் அப்போது இரண்டு பேர் தோட்டாப் பெட்டிகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோரீன் பின்னறையிலிருந்து அந்தப் போர்வைக் கட்டைக் கொண்டுவந்து வைத்தாள். என் மூத்த மகளுக்கு அடுத்த வருடம் பன்னிரண்டு வயது ஆகிறது, வேட்டைப் பயிற்சியில் சேர்க்கப் போகிறேன், தாத்தா துப்பாக்கி அவளுக்கு என்றாள் டெஸ். சொல்லும்போது சிரிக்க முயன்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. காதில் ஒரு பக்கம் மட்டும் தோடு இருந்தது. மறு பக்கம் போட மறந்திருக்கிறாள்.

"அப்பா எதுக்கு எல்லாத்தையும் இங்க கொண்டு வந்தாரு, நோரீன்?"

"சுத்தம் பண்ண."

"எப்ப?"

"ஏப்ரல்ல."

டெஸ் போர்வையை விலக்கி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு நோரீனைப் பார்த்தாள். கேட்க வேண்டிய அடுத்த கேள்வி அவள் உதட்டு வரை வந்தது நோரீனுக்குத் தெரிந்தது. அந்த இரண்டு பேரும் பெட்டிகளைப் புரட்டுவதை நிறுத்தியிருந்தார்கள்.

"நரிதான்" என்றாள் டெஸ். "கால் தடுக்கிருச்சு."

"ஆமா" என்றாள் நோரீன்.

"நான் இப்பல்லாம் தூங்குறதே இல்ல. டாக்டர் ஏதோ மாத்திரை கொடுத்திருக்காரு. பசங்க அவங்க அப்பா வீட்ல இருக்காங்க, நான் சரியாகுற வரைக்கும்."

நோரீன் கட்டின் மேல் கையை வைத்தாள். கொஞ்ச நாள் இது இங்கேயே இருக்கட்டும், இன்னும் ஒருமுறை சுத்தம் செய்து தருகிறேன் என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் இவள் என்ன செய்வாள்? பில்லிங்ஸில் துப்பாக்கிக் கடைக்கா பஞ்சம். இந்த இரண்டு பேர் முன்னால் சொன்னால் நாளைக் காலை ஊரில் லிண்ட்விக் குடும்பத்தின் பெயர் என்னவாகும்?

போன் போட்டு விசாரித்தாள். ஒரு நிமிடத்தில் சரி என்று வந்தது. டெஸ் கையெழுத்துப் போட்டாள். கட்டு அவளுக்குத் தனியாகத் தூக்கக் கனமாக இருந்தது. நோரீன் கவுன்ட்டரைச் சுற்றி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக வெளியே கொண்டு போய் வண்டியின் பின்சீட்டில் படுக்க வைத்து, வழியில் ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் போர்வையை நன்றாகச் செருகினார்கள்.