சாக்குத் திரைக்குப் பின்னால்

ஒரு குடும்பத்தின் உழைப்பை நான் பாழாக்கினேன். தெரியாமல் நடந்தது என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

எண்பதுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சேலத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்தேன். உடன் வேலை பார்த்த நண்பரின் பழைய அம்பாசிடரில் இருவரும் சும்மா ஊர் சுற்றக் கிளம்பினோம். தொப்பூர் மேடேறி, நல்லம்பள்ளி தாண்டி, மண்பாதையில் தோட்டங்களைப் பார்த்தபடி மெதுவாகப் போனோம். ஓரிடத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது.

தோட்டத்து நடுவே ஒரு வீடு. தண்ணீர் கேட்கப் போனோம். வீட்டுக்காரர் பாதி வழியிலேயே ஓடிவந்து மறித்தார்.

"அங்கயே நில்லுங்க சார். தண்ணி நான் கொண்டாறேன்."

வீட்டை ஒட்டி நீளமான கொட்டகை. பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தது. சன்னல்களில் ஈரச் சாக்கு தொங்கியது. அதன் முன்னால் நின்ற அவர் மனைவி எங்கள் மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"சாராய ஊறல்தான்யா. மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே," என்றார் நண்பர்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. வீட்டுக்காரர் வாளியோடு நண்பரைக் கூட்டிக்கொண்டு காருக்குப் போனார். அந்த அம்மா இன்னொரு குடம் எடுக்க உள்ளே போனதும், நான் கொட்டகையின் பின்பக்கம் போய்ச் சாக்கை விலக்கித் தலையை நீட்டினேன். கையில் சிகரெட். உள்ளே இருட்டு. தூறல் விழுவதுபோல் ஒரு சத்தம். கண் பழகியதும் தெரிந்தது: மூங்கில் தட்டுகள் நிறைய பட்டுப்புழுக்கள், இலை தின்றுகொண்டிருந்தன.

"அய்யோ, அதுங்களுக்குப் பொகை ஆவாதுங்க!" பின்னாலிருந்து அந்த அம்மாவின் அலறல். பதற்றத்தில் சிகரெட் நழுவி உள்ளே விழுந்தது. தட்டில் விரித்திருந்த காகிதம் பற்றிக்கொண்டது. தண்ணீர் ஊற்றி அணைப்பதற்குள் கொட்டகை முழுக்கப் புகை.

"ரெண்டு மூணு நாள்ல கூடு கட்டியிருக்கும் சார்," என்றார் வீட்டுக்காரர்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்று இழுத்தார் நண்பர்.

"நில்லுங்கன்னு சொன்னோமில்ல? அதுக்கு மேல என்னா சொல்லணும்?" என்றார் அந்த அம்மா.

அடுத்த ஞாயிறு தனியாகப் பஸ்ஸில் போனேன். பெரும்பாலான புழுக்கள் செத்துப்போயிருந்தன; அவற்றைக் குழியில் போட்டு மூடியிருந்தார்கள். வெளியாள் வந்தால் புழுக்களுக்கு நோய் தொற்றும் என்றுதான் எங்களை மறித்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வளர்ப்புக்கான முட்டைகளை அலைந்து வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். அந்தப் புழுக்கள் பெருத்த பின் போனபோது, "உள்ள வந்து பாருங்க சார்," என்றுகூட அழைத்தார்.

"வேணாங்க," என்றார் மனைவி. "கூடு கட்டினதும் வெளிய எடுத்தாந்து காட்டலாம். இவரு இங்கயே நிக்கட்டும்."

நின்றேன். அந்த வளர்ப்பு நன்றாக வந்தது. ஆனால் அந்த அம்மா கடைசிவரை என்னைக் கொட்டகைப் பக்கம் விடவில்லை. அது எனக்குச் சரியாகவே பட்டது. இன்றும் யாராவது கதவைச் சாத்தி வைத்திருந்தால், உள்ளே என்ன ஒளிக்கிறார்கள் என்று கேட்பதை விட்டு, எதைக் காப்பாற்றுகிறார்களோ என்று எண்ணித் தள்ளியே நிற்கிறேன்.