ஏரோது ராஜா வாசித்த பாடம்

பிலவேந்திரன் மாமாவுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவரைப் படித்தவர் என்று நம்புகிற மடையர்கள் செஞ்சிக் கடைத்தெருவில் இன்னும் இருக்கிறார்கள். அவர் என் அக்கா சவரியம்மாளின் புருஷன். மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், மூட்டை தூக்கிப் பிழைத்தவர். அக்கா காலராவில் போய்விட்ட பிறகு மகள் ரோஸ்மேரியோடு எங்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். மண்டிக்குப் போனால் மூட்டை, வீட்டுக்கு வந்தால் மகள். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தவக்காலம் வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். ஏசுநாதர் பாடுபட்ட கதையை நடிக்கிற எங்கள் கோயில் பாஸ்கா நாடகத்தில் அவர்தான் ஏரோது ராஜா. அட்டைக் கிரீடமும் சரிகைப் போர்வையுமாக மேடையேறி ஒரு சத்தம் போட்டால், மடியில் தூங்குகிற குழந்தைகள் அலறிக்கொண்டு எழுந்திருக்கும். நாடகம் பழக்குகிறவர் ஒரு வரி சொல்வார், மாமா திருப்பிச் சொல்வார். அவ்வளவுதான், ஆணி அடித்த மாதிரி மண்டையில் நின்றுவிடும். எங்கள் ஆட்கள் எல்லாருமே நாடகம் பழகியது காதால்தான். ஏட்டை யார் தொட்டார்கள்?

அறுபத்து நாலில் சாமியார் பள்ளிக்கூடத்துக்கு ஆரோக்கியநாதன் என்று ஒரு பெரிய வாத்தியார் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, வாயைத் திறந்தால் தன் பெருமை. அவர் கொண்டுவந்ததுதான் ‘வீட்டு வாசிப்பு’. பிள்ளைகள் ஆளுக்கொரு கதைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், பெற்றவர்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். ஆண்டு விழாவில் பெற்றவரும் பிள்ளையும் மேடையேறி மாறி மாறி வாசிக்க வேண்டும். நல்ல காரியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அந்த விழாவுக்கு வெளியூர்க் கன்னியர் மடத்திலிருந்து மதரம்மா வருவார் என்றும், ஐந்தாவது முடித்த பெண் பிள்ளைகளில் ஒருத்தியைத் தன் போர்டிங்கில் சேர்த்து, சோறு போட்டு, எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைப்பார் என்றும் வாத்தியார் சொல்லியனுப்பினார்.

ரோஸ்மேரி அந்த வருஷம் ஐந்தாவது, வகுப்பில் முதல். அந்த இடம் கிடைத்தால் அவள் படிப்பாள். கிடைக்காவிட்டால் மண்டியில் மல்லாட்டை உடைக்கிற கூட்டத்தோடு கூட்டமாக உட்கார வேண்டியதுதான். யாரை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று வாத்தியார் சொல்லவில்லை. நன்றாக வாசிக்கிற குடும்பத்துக்குத்தான் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். வேறு என்னத்தை நினைப்போம்?

“நைனா, நீயும் படிக்கணுமாம்” என்றாள் ரோஸ்மேரி.

“நான் இன்னாத்தடி படிப்பேன்? மூட்டை மேல எழுதியிருக்கறதே எனக்குக் கோலம் மாதிரிதான் தெரியுது.”

“பாஸ்காவுக்குப் பழகல? அப்டியே பழகு. நான் சொல்றேன், நீ திருப்பிச் சொல்லு.”

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இந்தக் கூத்துதான். வண்டிக்காரன் ஒருவன் தன் கிழட்டு மாட்டை விற்கப் போய், விற்க மனம் வராமல் திரும்பி வருகிற கதை. அவள் ஒரு வரி சொல்வாள், அவர் ஒரு வரி சொல்வார். தப்பு விட்டால் தொடையில் கிள்ளுவாள். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் அவர் காலைத் தன் கட்டை விரலால் அழுத்துவாள். எனக்குச் சிரிப்பு தாங்காது.

“மாமா, வண்டிக்காரன் வூட்டுக்கு ஏரோது எதுக்கு வந்தான்? கொஞ்சம் மெதுவாத்தான் பேசேன்” என்பேன்.

“போ புள்ள, எனக்கு இருக்கறது ஒரே கொரலு” என்பார்.

விழாவன்று பள்ளிக்கூடத்துப் பந்தலில் கால் வைக்க இடமில்லை. முதலில் ஆடு மேய்க்கிற கன்னியப்பன், ரோஸ்மேரியோடு ஐந்தாவது படித்த தன் மகள் செந்தாமரையோடு ஏறினான். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊமை மாதிரி நின்றான். அந்தப் பெண் தனியாகத் திக்கித் திணறி வாசித்தது. ஜனம் கொல்லென்று சிரித்தது. அடுத்தது மாமா. அடேயப்பா! “ஒரு ஊரில் ஒரு வண்டிக்காரன் இருந்தான்” என்று அவர் எடுத்த எடுப்பிலேயே பந்தல் அதிர்ந்தது. ரோஸ்மேரி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வரி பிசகவில்லை, பக்கம் திருப்பினதும் பிசகவில்லை. முடித்தபோது விசில் பறந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மதரம்மாவுக்கும் வந்தது. “இவர் என்ன வேலை செய்கிறார்?” என்று கேட்டார்.

“மூட்டை தூக்கறவர், மதர். போன வருஷம் வரைக்கும் கைநாட்டு. நம்ம வீட்டு வாசிப்பாலதான் படிக்கக் கத்துக்கிட்டார்” என்றார் வாத்தியார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. மாமா புத்தகத்தைக் கரைத்துக் குடித்தது காதால்தான் என்று அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும். ஒத்திகையில் அவரே பார்த்துத் தலையாட்டியிருந்தார்.

மதரம்மா எழுந்து பேசினார். “தகப்பன் படிக்கத் தெரிந்தவராக இருந்தால், பிள்ளை வீட்டிலேயே முன்னுக்கு வந்துவிடும். சொல்லிக்கொடுக்க யாருமே இல்லாத பிள்ளையைத்தான் நான் கூட்டிக்கொண்டு போகிறேன்” என்று செந்தாமரையைத் தொட்டார். ரோஸ்மேரிக்கு ஒரு ஜெபமாலை கொடுத்தார்.

மாமா மேடைக்குத் தாவினார். “அம்மா, எனக்குப் படிக்கத் தெரியாதும்மா! சத்தியமா தெரியாது! எம்பொண்ணு சொல்லிக் கொடுத்தத ஒப்பிச்சேம்மா!”

“எடம் போன வயித்தெரிச்சல்ல பேசறார், மதர்” என்றார் வாத்தியார்.

மதரம்மா வேறொரு புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். மாமா முழித்தார். “இப்போது தெரியாத மாதிரி நடிக்கிறீர்கள்” என்றார் மதரம்மா வருத்தத்தோடு. தெரியும் என்பதை நிரூபித்துக் காட்டலாம். தெரியாது என்பதை எந்தக் கோயிலில் போய் நிரூபிப்பது, சொல்லுங்கள்!

பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. எல்லார் வீட்டிலும் பெண் பிள்ளை இருந்தது, அடுத்த வருஷமும் மதரம்மா வருவார், வாத்தியாரைப் பகைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? நான் கத்தினேன். “சொந்தக்காரி வேற எப்டிப் பேசுவா?” என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். பாவிகள்.

மதரம்மா குனிந்து ரோஸ்மேரியின் தோளைப் பிடித்தார். “குழந்தை பொய் சொல்லாது. நீ சொல்லம்மா, அப்பாவுக்குப் படிக்கத் தெரியுமா?”

வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றார். “நல்லா யோசிச்சு சொல்லு. தெரியாதுன்னா, உங்க நைனா இத்தன பேரையும் ஏமாத்தினார்னு அர்த்தம். ஏமாத்துக்காரன்னுதான் பேர் நிக்கும்.”

ரோஸ்மேரி மாமாவைப் பார்த்தாள். அவர் கைகூப்பிக்கொண்டு நின்றார். “சொல்லும்மா, தெரியாதுன்னு சொல்லு” என்று கெஞ்சினார்.

“தெரியும்” என்றாள் ரோஸ்மேரி.

மூட்டை தூக்கின கை அது. ஒரே அறையில் அவள் மேடையிலிருந்து கீழே விழுந்தாள். வாத்தியாரும் இன்னும் நாலு பேருமாக மாமாவை வெளியே தள்ளினார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில், கடைத்தெரு முனையில் மாமா நின்றார். “ஏண்டி அப்டிச் சொன்ன? ஒன் தலைல நீயே மண்ண வாரிப் போட்டுக்கினியே, ஏண்டி?”

அவளுக்குக் கன்னம் வீங்கி ஒரு கண் மூடிப்போயிருந்தது. “அந்த ஆளு ஒன்ன ஏமாத்துக்காரன்னு சொன்னான், நைனா” என்றாள்.

மாமா நடுத்தெருவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் குழந்தைதான் அவர் கையைப் பிடித்து இழுத்தது. “எழுந்திரு நைனா, எல்லாரும் பாக்கறாங்க.”

ஜூன் மாதம் செந்தாமரை பஸ் ஏறினாள். ரோஸ்மேரி மண்டியில் பெண்களோடு உட்கார்ந்து மல்லாட்டை உடைத்தாள். அவள் உடைத்துக் குவித்த கடலைப் பயிறை மூட்டையாகக் கட்டி வைப்பார்கள். மாமா வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், அதை முதுகில் ஏற்றிக்கொண்டு போவார்.