இரண்டு வாசலுக்கும் நடுவே

பேய், பிசாசு, அற்புதம் எதையும் நம்பாத ஆள் நான். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரன், ஆழ்துளைக் கிணறு போடுவது தொழில். பூமிக்குள் கல்லையும் மண்ணையும் தவிர ஒன்றுமில்லை என்று ஊர் ஊராகத் துளைபோட்டுப் பார்த்தவன். ஆள் குள்ளம், எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் அந்தரத்தில்தான் ஆடும், ஆனால் வாய் மட்டும் நீளம். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம், மழை பொய்த்த வருஷம், பனமரத்துப்பட்டி ஏரியே வெடித்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ ஆசிரமத்தில் போர்க்குழாய்க் கிணறு போடக் கூப்பிட்டார்கள். அமெரிக்காவில் ஷேக்கர் என்று ஒரு கூட்டம் இருந்ததாம், கல்யாணம் கிடையாது, சொத்தெல்லாம் பொது, ஆணும் பெண்ணும் சமம், உடம்பு குலுங்க ஆடித்தான் ஜெபம். அவர்களைப் பற்றிப் படித்துவிட்டு அதே மாதிரி வாழ வந்தவர்கள் இவர்கள். ஆண்களுக்கு ஒரு வீடு, எதிரே பெண்களுக்கு ஒரு வீடு. எதிலும் ஒரு பூவேலை இல்லை. பெருக்க வசதியாக நாற்காலிகளைக்கூடச் சுவர் முளையில் மாட்டியிருந்தார்கள். கிணறு வற்றிவிட்டது, இந்தப் போரிலும் தண்ணீர் வராவிட்டால் ஆளுக்கொரு திசையாகக் கலைந்துபோவதாக முடிவு செய்திருந்தார்கள்.

தலைவி எஸ்தரம்மா கயிறு பிடித்து அளந்து, இரண்டு வாசலுக்கும் சரிநடுவில் குச்சி நட்டார்.

"ஏனுங்கம்மா, நீரோட்டம் பாக்க வேண்டாமுங்களா?"

"எந்த ஊட்டுக்காரங்களும் ஓரடிகூட அதிகமாக் குடம் சுமக்கக் கூடாதுங்கண்ணா. அதுதானுங்க எங்க கணக்கு."

நானும் ஆட்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சாயங்காலம் வரை வெள்ளைப் புழுதிதான் பறந்தது. துளைபோடும் இரும்பு ராடுகளில் கடைசியும் இறங்கிவிட்டது. கம்ப்ரஸரை அணைத்துவிட்டு, "வெறும் பாறைங்கம்மா" என்றேன்.

"சரிங்கண்ணா, ஜெப நேரமாச்சுங்க" என்றார் அவர்.

போருக்கு அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். கையை உதறி, காலைத் தட்டி ஆடினார்கள். நம்பினால் நம்புங்கள், என் கை ராடின் மேல் இருந்தது, இன்ஜின் செத்துக் கிடக்கிறது, ராடு அதிர்கிறது. அவர்கள் தட்டினால் அதிர்கிறது, நின்றால் நிற்கிறது. அப்புறம் அடியில் எதுவோ பிளந்த சத்தம், பனைமர உயரத்துக்குத் தண்ணீர். என் ஆட்கள் கூத்தாடினார்கள், நானும் ஆடினேன், எந்த வரிசையில் என்றுகூடப் பார்க்கவில்லை. பிழைத்தது அவர்கள் ஆசிரமம், உலகத்தையே ஜெயித்த சந்தோஷம் எனக்கு.

நனைந்து நின்றவனுக்கு எஸ்தரம்மா ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டார். உட்கார்ந்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக என் இரண்டு பாதமும் தரையில் படிந்தன.

"இது எப்பச் செஞ்சதுங்கம்மா?"

"ஊடு கட்டறப்பவேங்க. வரப்போற ஒருத்தருக்குன்னு ஒண்ணு மாட்டி வெச்சோம். எத்தனையோ பேரு வந்தாங்க, யாருக்கும் பொருந்துல."

அதை எனக்கே கொடுத்துவிட்டார்கள். வயதாகி நான் இன்னும் குறுகிவிட்டேன், பழைய வேட்டி தரையில் புரள்கிறது. அந்த நாற்காலியில் மட்டும் பாதம் இன்றைக்கும் சரியாகப் படிகிறது. அதன் காலை அளந்து பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.